வீட்டு முயலின் உடலும் நலமும்

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் நிறத்திலும் அளவிலும் காதின் வடிவிலும் எவ்வளவு வேறுபட்டாலும், அவை அனைத்தும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயல் என்னும் ஒரே சிற்றினத்தின் வழிவந்தவை. ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்பது அதன் அறிவியற்பெயர். தமிழகத்தின் தரிசுகளிலும் புதர்க்காடுகளிலும் அந்திப் பொழுதில் மேயும் கருங்கழுத்து முயல் அதற்கு உறவினம் ஆயினும், லீபஸ் என்ற வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. கருங்கழுத்து முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்கிடையே உள்ள சிறு பள்ளத்தில் தனித்துப் படுத்து, ரோமமும் திறந்த கண்களும் உடைய குட்டிகளை ஈனுகிறது. ஐரோப்பிய முயலோ நிலத்தடியில் கிளைகிளையாக வளை வெட்டி, கூட்டமாக வாழ்ந்து, கண் திறவாத, ரோமமற்ற குட்டிகளை அவ்வளைக்குள்ளேயே ஈன்று வளர்க்கிறது. முன்னதன் உயிரணுக்களில் 48 குரோமோசோம்களும் பின்னதில் 44 குரோமோசோம்களும் உள்ளன. இரண்டும் கலந்து இனம்பெருக்குவதில்லை. காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டது ஆதலால், வயலில் அகப்பட்ட குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது பரிவாகத் தோன்றினாலும் சட்டத்துக்குப் புறம்பானது; அக்குட்டி பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. எனவே வீட்டு முயலின் தேவைகளை அறிய விரும்புவோர் நம் ஊர்க் காட்டு முயலைப் பார்த்துக் கற்பதைவிட, வளைக்குள் வாழ்ந்த அந்த ஐரோப்பிய மூதாதையைப் பார்த்துக் கற்பதே பொருந்தும்.

கி.பி. 600ஆம் ஆண்டளவில் போப் கிரெகரி, முயற்கருவின் இறைச்சியைத் தவக்காலத்தில் உண்ணலாம் என ஆணையிட்டதாகவும், அதைக் கேட்ட பிரெஞ்சுத் துறவிகள் முயலைப் பழக்கத் தொடங்கியதாகவும் ஒரு கதை நெடுங்காலம் பாடநூல்களில்கூட இடம்பெற்றிருந்தது. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூலநூல்களைத் தேடிப் பார்த்தபோது அப்படியோர் ஆணையே இல்லை என்பதும், கிரெகரி என்ற பெயருடைய வேறொரு பேராயர் எழுதிய செய்தி பிற்காலத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதும் தெரியவந்தன. ரோமானியர் மதில் சூழ்ந்த வெளிகளில் முயல்களை அடைத்து வைத்திருந்ததும், இடைக்காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்குமாக அவை வளர்க்கப்பட்டதும் உண்மையே. ஆனால் இன்று காணப்படும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் உருவானவை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழும் நாயோடு ஒப்பிட்டால் முயல் வீட்டுக்குப் புதிது.

இந்தக் குறுகிய பழக்கத்தின் தடயம் அதன் மூளையிலேயே காணப்படுகிறது. காட்டு ஐரோப்பிய முயல்களையும் வீட்டு முயல்களையும் ஒரே சூழலில் வளர்த்து, காந்த அதிர்வுப் படங்களால் அவற்றின் மூளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலில் சிறுத்தும், அவ்வச்சத்தை அடக்கியாளும் முன்மூளைப் பகுதி பெருத்தும் இருப்பதாக அவ்வாய்வு காட்டியது. அச்சம் குறைந்ததே தவிர மறையவில்லை என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. பருந்தும் நரியும் மரநாயும் எந்நேரமும் வேட்டையாடக்கூடிய ஓர் உயிரி, தன் வலியையும் பலவீனத்தையும் வெளிக்காட்டினால் முதலில் இரையாவது அதுவே. ஆகவே நோயுற்ற முயல் கத்துவதில்லை, ஓரமாக ஒடுங்கி அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. இந்த அடக்கத்தைச் சாந்தமான குணம் என்றும், எதையும் கேட்காத, செலவில்லாத செல்லப்பிராணி என்றும் மனிதர்கள் புரிந்துகொள்வதிலிருந்தே முயல் வளர்ப்பின் பெரும்பாலான துன்பங்கள் தொடங்குகின்றன.

முயலின் உடலில் முதலில் அறிய வேண்டியது அதன் குடல். பசுவும் ஆடும் புல்லை இரைப்பையின் அறைகளில் நொதிக்கவைத்துச் செரிக்கின்றன; முயலில் அந்த வேலை சிறுகுடலைக் கடந்த பின்னர், குருட்டுக்குடல் எனப்படும் ஒரு பக்கம் மூடிய பெரிய பையில் நடைபெறுகிறது. செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தப் பையே. உண்ட புல் பெருங்குடலின் தொடக்கத்தை அடைந்ததும் அங்கே ஒரு நுட்பமான பிரிப்பு நிகழ்கிறது. செரிக்கவியலாத பெரிய நார்த்துணுக்குகள் குடலின் நடுவழியே முன்னோக்கிச் சென்று, உருண்டையான, காய்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் குடற்சுவரின் பின்னோக்கிய அசைவால் குருட்டுக்குடலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளால் நொதிக்கப்படுகின்றன. பெரிய நாரை விரைந்து வெளியேற்றிவிடுவதால் முயல் கனத்த வயிற்றைச் சுமக்க வேண்டியதில்லை. ஓடித் தப்ப வேண்டிய விலங்குக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஆனால் நொதித்தலால் விளையும் புரதத்தையும் உயிர்ச்சத்துகளையும் உறிஞ்சும் சிறுகுடல் முன்னாலேயே கடந்துபோய்விட்டது. இந்தச் சிக்கலை முயல் தீர்க்கும் முறை வியப்புக்குரியது: குருட்டுக்குடலில் உருவான சத்துமிக்க குழைவை, திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கிடக்கும், சளிப்படலம் போர்த்த மென்மையான புழுக்கைகளாக அது வெளியிட்டு, அவை தரையில் விழுமுன்பே ஆசனவாயிலிருந்து நேரடியாக வாயால் எடுத்து விழுங்கிவிடுகிறது. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மோரோ 1882இல் விவரித்த இந்நடத்தை, பி வகை உயிர்ச்சத்துகளையும் உயிர்ச்சத்து கே-யையும் கணிசமான புரதத்தையும் முயலுக்கு அளிக்கிறது. முயல் தன் மலத்தைத் தின்பதாக அருவருத்து அதைத் தடுக்க முயல்வோர் அறியாமல் அதன் ஊட்டத்தையே தடுக்கிறார்கள். மாறாக, மென்புழுக்கைகள் உண்ணப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தாலோ பின்புற ரோமத்தில் ஒட்டியிருந்தாலோ அதுவே கவலைப்பட வேண்டிய அறிகுறி: தீவனத்தில் மாவுச்சத்து மிகுந்திருக்கலாம், முயல் குனிய முடியாதபடி பருத்திருக்கலாம், அல்லது முதுகிலோ பல்லிலோ வலி இருக்கலாம். அழுக்கடைந்த ரோமத்தில் ஈக்கள் முட்டையிட, ஒரே நாளுக்குள் புழுக்கள் தோன்றித் தசையைத் துளைக்கும் கொடுமையும் நேர்வதுண்டு. மழைக்காலத்தில் முயலின் பின்புறத்தை நாள்தோறும் பார்ப்பது அவசியம்.

இத்தகைய குடல் நின்றுவிடாமல் இயங்க வேண்டுமானால் அதற்குள் நீண்ட நார் இடைவிடாது சென்றுகொண்டே இருக்க வேண்டும். நார் குறைந்தாலும், வலியாலோ அச்சத்தாலோ முயல் உண்பதை நிறுத்தினாலும் குடலின் அசைவு தளர்கிறது. உள்ளிருக்கும் பொருள் வறண்டு இறுகுகிறது. நுண்ணுயிரிகளின் சமநிலை குலைந்து வாயு திரண்டு வயிறு உப்புகிறது. அந்த வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. முயலால் வாந்தியெடுக்க இயலாது என்பதால் உட்சென்றது வெளியேற ஒரே வழிதான் உண்டு. குடல் தேக்கம் எனப்படும் இந்நிலை ஒரு நோயின் பெயரன்று, பல நோய்கள் வந்து முடியும் இடம். அரை நாள் எதையும் உண்ணாத, புழுக்கை போடாத முயலை ‘நாளை பார்க்கலாம்’ என்று விட்டுவைக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அறுவைக்கு முன் நாயையும் பூனையையும் பட்டினி போடுவதுபோல முயலைப் பட்டினி போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆகவே முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக, அதிலும் பெரும்பகுதி உலர்ந்த புல்லாக இருத்தல் வேண்டும். மேலைநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் திமோத்தி என்ற புல் குளிர்நாடுகளில் விளைவது. இங்கே இறக்குமதியாகி நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. அதை வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் முயலுக்கு உகந்தவை. கால்நடை வளர்ப்போர் பயிரிடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் தீவனச்சோளத்தையும் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். சாலையோரப் புகையும் பூச்சிமருந்தும் நாய்களின் கழிவும் படாத இடத்திலிருந்து அறுத்து வருவதே இதில் கடினமான பகுதி. நெல் வைக்கோல் படுக்கைக்கு நல்லது. ஆனால் சத்துக் குறைந்தது, மணற்சத்து மிகுந்தது என்பதால் அதை முதன்மை உணவாக்க இயலாது. வேலிமசால், குதிரைமசால், முயல்மசால் போன்ற பயறுவகைத் தீவனங்களில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம். வளரும் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் அவை பயன்படும், முழு வளர்ச்சியடைந்த வீட்டு முயலுக்குச் சிறிதளவே போதும்.

சுண்ணாம்புச்சத்தில் எச்சரிக்கை தேவைப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிற பாலூட்டிகள் தமக்குத் தேவையான அளவுக்கே கால்சியத்தைக் குடலில் உறிஞ்சுகின்றன; முயலோ உணவில் உள்ள அளவுக்கேற்ப உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. முயலின் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக இருப்பது அதனால்தான். கால்சியம் மிகுந்து, குடிக்கும் நீரும் குறைந்து, அசைவும் இல்லாத முயலின் சிறுநீர்ப்பையில் சேறுபோன்ற படிவும் கல்லும் உண்டாகின்றன. அகத்தி, முருங்கை போன்ற கீரைகளைப் பெரிய கட்டாக நாள்தோறும் போடுவதைவிடக் கொத்தமல்லி, புதினா போன்றவற்றோடு மாற்றி மாற்றிச் சிறிதளவு கொடுப்பதே நன்று. சில வேளைகளில் சிறுநீர் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ தோன்றுவது தாவர நிறமிகளால் இருக்கலாம். எனினும் கருத்தடை செய்யாத பெண் முயலில் அது கருப்பை நோயின் குருதியாகவும் இருக்கக்கூடும் என்பதால் ஒருமுறை சோதித்துத் தெளிவது நல்லது. தண்ணீரைப் பொறுத்தவரை, குழாய்முனைப் புட்டியைவிட அகன்ற கனத்த மண்சட்டியிலிருந்து முயல் அதிகமாக நீர் அருந்துகிறது.

கேரட்டைப் பற்றி ஒரு சொல். 1940இல் திரையில் தோன்றிய பக்ஸ் பன்னி என்ற கேலிச்சித்திர முயல் கேரட்டைக் கடித்தபடியே பேசியதால், உலகம் முழுவதும் குழந்தைகள் முயலின் உணவு கேரட் என்றே நம்புகின்றனர். காட்டில் வாழும் முயல் கிழங்கைத் தோண்டித் தின்பதில்லை. கேரட்டிலும் பழங்களிலும் உள்ள சர்க்கரை குருட்டுக்குடலின் நுண்ணுயிரிச் சமநிலையைக் குலைக்கவல்லது. எப்போதாவது ஒரு சிறு துண்டு என்ற அளவைத் தாண்டக் கூடாது. சோறு, ரொட்டி, பிஸ்கட், பொரி, பருப்பு ஆகியவற்றுக்கு இந்த அளவும் பொருந்தாது. அவற்றைக் கொடுக்கவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நச்சு. வீட்டைச் சுற்றி அழகுக்காக வளர்க்கப்படும் அரளியும் அவ்வாறே. கடையில் விற்கும் குச்சி வடிவத் தீவனம் நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 25 கிராம் அளவில் போதுமானது. தானியமும் விதையும் வண்ணத் துண்டுகளும் கலந்த கலவைத் தீவனத்தில் முயல் இனிப்பானவற்றை மட்டும் பொறுக்கித் தின்று நாரை ஒதுக்கிவிடுகிறது. அத்தகைய தீவனம் பற்களையும் குடலையும் கெடுப்பதை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வுகள் விளக்கியுள்ளன.

பற்கள் கெடுவதன் காரணம் புல்லோடு தொடர்புடையது. முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்புறத்து வெட்டுப்பற்கள் மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீள்கின்றன. மேல்தாடையில் பெரிய வெட்டுப்பற்களுக்குப் பின்னால் சிறு முளைபோன்ற இன்னோர் இணைப் பற்கள் ஒளிந்திருக்கின்றன. முயலை எலியும் அணிலும் அடங்கிய கொறிணிகளிலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைக்க விலங்கியலாளர்கள் காட்டிய அடையாளங்களுள் இது ஒன்று. புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் நிமிடத்துக்கு நூறு தடவைக்கும் மேலாக அசைந்து, கடைவாய்ப்பற்களை ஒன்றோடொன்று தேய்க்கிறது. மெல்ல வேண்டாத தீவனத்தால் இத்தேய்மானம் குறையும்போது கடைவாய்ப்பற்களில் கூரிய முனைகள் வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்திக் கிழிக்கின்றன. வேர்ப்பக்கம் நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்துவதும், தாடையெலும்பில் சீழ்க்கட்டி உண்டாவதும் உண்டு. வாயோரம் எச்சில் வழிதல், கண்ணில் நீர் வடிதல், உணவருகே வந்து உண்ணாமல் திரும்புதல் ஆகியவை பல்வலியின் குறிகள். முன்பற்களை மட்டும் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு செய்ய முடியாது. கடைவாயைக் கருவி கொண்டே பார்க்க இயலும். தட்டையான முகமும் தொங்கும் காதும் உள்ள இனங்கள் குழந்தைகளைக் கவர்கின்றன. பல், காது நோய்களுக்கு அவை கூடுதலாக ஆளாகின்றன. அழகென்று மனிதர் தேர்ந்தெடுத்த உருவத்துக்கு விலை கொடுப்பது முயல்தான்.

தமிழகத்தில் முயல் வளர்ப்போர் எதிர்கொள்ளும் மிகப் பெரிய இடர் வெப்பம். இந்நாட்டின் முயல் ஆராய்ச்சியில் முக்கியமான நிலையங்களுள் ஒன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் அமைந்திருப்பது தற்செயலன்று. அங்கே பேணப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களுக்கு மலைக்குளிர் உகந்தது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே முயலுக்கு மிகவும் இசைவானது. 30 டிகிரியைத் தாண்டினால் அது திணறத் தொடங்குகிறது. உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ந்துகொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. மூக்கால் மட்டுமே மூச்சுவிடுவது அதன் இயல்பாதலால் நாயைப்போல வாயைத் திறந்து இளைத்து வெப்பத்தை வெளியேற்றவும் அதனால் நன்கு இயலாது. மீதமிருக்கும் வழி காதுகள்: அகன்ற காதுகளின் குருதிக்குழாய்கள் விரிந்து, வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. சுற்றியுள்ள காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும் கத்திரி வெயிலில் அந்த வழியும் அடைபடுகிறது. மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் வைக்கப்பட்ட கூண்டு மே மாதத்து நண்பகலில் முயலுக்குக் கொலைக்களம். வீட்டுக்குள் காற்றோட்டமான தரையில் வைத்தல், மின்விசிறி, சுற்றிலும் நனைத்த சாக்கு, சாய்ந்து படுக்க ஒரு ஓடு அல்லது துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டி ஆகிய எளிய ஏற்பாடுகள் உயிர் காக்கும். காது சுட, மூக்கோரம் நனைந்து, வாய்திறந்து இளைக்கும் முயலின் காதுகளை ஈரத்துணியால் துடைத்தபடி உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிநீரில் அமிழ்த்துவது அதிர்ச்சியால் கொன்றுவிடக்கூடும்.

இதே காரணத்தால் முயலைக் குளிப்பாட்டுவதும் கூடாது. அடர்ந்த அடிரோமம் நனைந்தால் எளிதில் காய்வதில்லை. உடல்வெப்பம் இறங்குவதோடு, நீரில் பிடித்து அமிழ்த்தப்படும் அச்சமும் சேர்ந்து அதைத் தளர்த்துகிறது. முயல் தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். ரோமம் உதிரும் காலத்தில் சீப்பால் வாரிவிட்டால் போதும்.

கூண்டு என்பது முயலின் வீடாகக் கருதப்படுவது இறைச்சிக்காக அது வளர்க்கப்பட்ட காலத்தின் எச்சம். இரவெல்லாம் மேய்ந்தும் தோண்டியும் ஓடியும் திரிந்த மூதாதையின் எலும்பும் தசையும் அதற்கு அப்படியே உள்ளன. கால் நீட்டிப் படுக்கவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும், சில தாவல்கள் தொடர்ந்து ஓடவும் இடமில்லாத பெட்டியில் அதன் முதுகெலும்பு வளைந்து, எலும்பு மெலிகிறது. ஓர் இணை முயல்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் வெளியாகக் குறைந்தது 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் வேண்டும் என்று பிரிட்டனின் முயல் நல அமைப்பு வரையறுத்துள்ளது. நகரத்து அடுக்ககங்களில் இதைக் கேட்டுச் சிரிப்போரும் உண்டு. ஆனால் மின்கம்பிகளை மறைத்துவிட்டு, ஓர் அறையின் மூலையைத் தடுப்பிட்டுக் கொடுத்தால் அதே பரப்பு கிடைத்துவிடுகிறது. முயல் கழிக்க ஒரே மூலையைத் தேர்ந்தெடுக்கும் இயல்புடையதாதலால், அங்கே காகிதமும் வைக்கோலும் இட்ட தட்டை வைத்துப் பழக்குவது கடினமன்று. நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் இருப்பதுபோன்ற மெத்தைச்சதை முயலுக்கு இல்லை; ரோமம் மட்டுமே காப்பு. பண்ணைகளில் கழிவு கீழே விழுவதற்காக அமைக்கப்படும் கம்பிவலைத் தரை வீட்டு முயலின் குதிகாலில் ஆறாப் புண்ணை உண்டாக்கும். அடியில் கோரைப்பாயோ சாக்கோ தடித்த வைக்கோலோ இருக்கட்டும். ஒளிந்துகொள்ள இரு வாயில் உள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வேண்டும். ஒரு வாயில் மட்டுமே உள்ள மறைவிடத்தை முயல் பொறியாகவே உணர்கிறது.

தனிமை இன்னொரு துன்பம். மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும், பகல் முழுவதும் தனித்திருக்கும் கூட்டுவாழ் விலங்குக்கு அது ஈடாகாது. எனினும் இரண்டு முயல்களைக் கொண்டுவந்து ஒன்றாக விட்டுவிடுவது அதனினும் பெரிய தவறாக முடியலாம். இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் எண்ணிக்கை கைமீறும். பெண் முயலுக்குக் குறிப்பிட்ட நாளில் சினைமுட்டை வெளிவரும் சுழற்சி கிடையாது. இணைசேர்வதே அதைத் தூண்ட, சுமார் பத்து மணி நேரத்தில் முட்டை வெளிப்பட்டு, 30 முதல் 32 நாளில் குட்டிகள் பிறக்கின்றன. ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே அது மீண்டும் கருவுற இயலும். கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடங்கிய இணையே மிக அமைதியானது. அவற்றையும் தொடக்கத்தில் அருகருகே தடுப்புக்கு இருபுறமும் வைத்து, வாசனை பழகிய பின்பே சேர்க்க வேண்டும். அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் ஆணின் உடலில் விந்து எஞ்சியிருக்கும் என்பதை மறந்து அவசரப்படுவோர் ஏமாறுவர். பெண் முயலுக்குக் கருத்தடை வேறொரு வகையிலும் உயிர் காக்கிறது: சில இனங்களில் நான்கு, ஐந்து வயதைக் கடந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஏற்படுவது பதிவாகியுள்ளது.

எதிர்பாராமல் குட்டிகள் பிறந்துவிட்டால், தாய் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எண்ணிப் பசும்பால் புகட்டத் தொடங்குவோர் பலர். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு நிமிடம் மட்டுமே பாலூட்டும். மீதி நேரம் விலகியிருப்பது வேட்டை விலங்குகளுக்கு வளையைக் காட்டிக்கொடுக்காதிருக்கும் உத்தி. அந்தச் சில நிமிடங்களில் குருட்டுக் குட்டிகள் முலைக்காம்பைத் தவறாமல் கண்டடைவது, தாய்ப்பாலில் உள்ள ஒரு வேதிப்பொருளின் மணத்தால் என்று 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு நிறைந்திருந்தால் தாய் தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள்.

முயலைத் தூக்கும் முறையில் நம்மிடையே நிலவும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. காதைப் பிடித்துத் தூக்குவது சந்தையிலும் படங்களிலும் இயல்பாகக் காணப்படுகிறது. குருத்தெலும்பும் நரம்பும் குருதிக்குழாயும் நிறைந்த உறுப்பில் முழு உடல் எடையையும் தொங்கவிடுவது வதை. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7 அல்லது 8 விழுக்காடே. பூனையில் அது 12 விழுக்காட்டுக்கு மேல். மெல்லிய எலும்பு, வலிமைமிக்க பின்னங்கால் தசை என்ற இந்தச் சேர்க்கையால், அச்சத்தில் உதைக்கும் முயல் தன் இடுப்பு முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்டு பின்பகுதி செயலிழந்துபோவதுண்டு. மார்பின் கீழ் ஒரு கையும் பின்புறத்தைத் தாங்கி மற்றொரு கையும் வைத்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். அதைவிட நல்லது தூக்காமல் தரையில் அமர்ந்து, அதுவே நெருங்கி வரக் காத்திருப்பது. மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் மயங்கியதுபோல் அசைவற்றுக் கிடப்பதைச் சுகமான உறக்கம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அது பகைவிலங்கின் பிடியில் அகப்பட்ட இரை கடைசியாகக் கையாளும் உறைநிலை. முயல் அப்போது அஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது.

பேசாத இந்த விலங்கின் வலியை அளக்க 2012இல் ஆய்வாளர்கள் ஒரு முகக்குறி அளவையை உருவாக்கினர். கண் இடுங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்குத்துளை கூர்மையாதல், மீசை விறைத்தல், காது பின்னோக்கி ஒடுங்குதல் ஆகிய ஐந்து குறிகளும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு அதில் மதிப்பெண் இடப்படுகிறது. மாறாக மகிழ்ந்த முயல் காற்றில் துள்ளி உடலை முறுக்கித் திரும்பும். பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து படுக்கும். வருடும்போது பற்களை மெல்ல உரசும். உரக்கக் கேட்கும் பற்கடிப்பு வலியின் குறி என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னங்காலால் தரையை அறைவது எச்சரிக்கை மணி. தீபாவளி இரவில் வெடியோசை கேட்டு அவ்வாறு அறைந்து நடுங்கும் முயல் மறுநாள் உண்ண மறுத்துக் குடல் தேக்கத்துக்கு ஆளாகலாம். அன்று அதை வீட்டின் உள்ளறையில், மறைவிடத்தோடும் நிறைந்த புல்லோடும் வைத்திருப்பது நல்லது.

நோய்களில் இங்கு மிகுதியாகக் காணப்படுவன, நுண்ணிய சிற்றுண்ணிகளால் காதினுள்ளும் மூக்கிலும் பாதங்களிலும் பொருக்கு படியும் சொறியும், குட்டிகளைக் கழிச்சலால் கொல்லும் காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியும், மூக்கொழுகலும் தும்மலுமாக நீடிக்கும் பாஸ்டுரெல்லா தொற்றுமாகும். இவை அனைத்துக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மருந்தே சில வேளைகளில் நோயைவிடக் கொடியது. வாய்வழி கொடுக்கப்படும் அமாக்சிசிலின் முதலிய பென்சிலின் வகைகளும், லிங்கோமைசின், கிளிண்டமைசின் போன்றவையும் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நச்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் பெருக வழிவகுத்து முயலைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி நீக்கப் பயன்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு.

சட்டம் முயலை மறந்துவிடவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உடலை அசைக்கப் போதிய இடமில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டத்தின் கீழ் 2018இல் வகுக்கப்பட்ட செல்லப்பிராணிக் கடை விதிகள், முயல் விற்கும் கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன. சாலையோரச் சந்தையில் வெயிலில் அடுக்கிய கூடைகளைப் பார்த்தவர்களுக்கு இவ்விதிகள் எங்கே நிற்கின்றன என்பது விளங்கும். தாய்ப்பால் மறக்கும் முன்பே பிரிக்கப்பட்ட சின்னஞ்சிறு குட்டிகளே அங்கே மிகுதியாக விற்பனையாகின்றன. அவற்றில் பல வீடு சேர்ந்த சில நாள்களில் கழிச்சல் கண்டு இறக்கின்றன. வளர்க்க இயலாமற்போன முயலைப் பூங்காவிலோ காட்டோரத்திலோ விட்டுவிடுவது விடுதலையாகாது. வளை வெட்டப் பழகாத அதை நாய்கள் முதல் இரவிலேயே முடித்துவிடும்.

நல்ல பராமரிப்பில் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். பிறந்தநாள் பரிசாக அதைக் கேட்கும் ஆறு வயதுக் குழந்தை, அம்முயல் முதுமை அடையும்போது கல்லூரிக்குச் சென்றிருக்கக்கூடும். ஆகவே அதை வளர்க்கப்போவது பெற்றோரே என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் புல் கிடைக்கும் இடம், கோடையில் குளிர்ந்திருக்கும் ஓர் அறை, முயலுக்கு மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்து பழகிய ஒரு கால்நடை மருத்துவர் ஆகிய மூன்றையும் தேடி வைத்துக்கொண்ட பிறகு, கடையில் குட்டி வாங்குவதற்குப் பதிலாகக் கைவிடப்பட்ட முயல்களைப் பேணும் விலங்கு நல அமைப்பு ஏதேனும் அருகில் உள்ளதா என்று முதலில் விசாரிக்கவும்.